யகரத்தின் வலது கால்

சீலக்கா யாரையும் திட்டுவதில்லை. சாய்த்துவிடுவாள்.

நல உதவி அலுவலகத்தின் வாசலுக்கு நேர் எதிரே, மருந்துக்கடைக்கும் சைக்கிள் நிறுத்தத்துக்கும் நடுவில், எட்டடி அகலத்தில் அவள் கடை. ரப்பர் சீல் செய்வது தொழில். கூடவே ஜெராக்ஸ், லேமினேஷன், படிவம் நிரப்பிக் கொடுப்பது. யாராவது மேஜையைத் தட்டி, "என்னம்மா, இன்னும் ஆகலையா?" என்று கேட்டுவிட்டால் அவர்களுடைய சீல் ஒரு டிகிரி வலப்பக்கம் சாய்ந்திருக்கும். ரப்பரைக் கட்டையில் ஒட்டும்போது அவ்வளவுதான் திருப்புவாள். ஒரு டிகிரியைக் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. ஆனால் அந்த ஆள் எந்தக் காகிதத்தில் குத்தினாலும் ஏதோ சரியில்லாத மாதிரியே இருக்கும். கையைக் குறை சொல்வார். மேஜையைக் குறை சொல்வார். மூக்குக் கண்ணாடியை மாற்றுவார். ஒரு வக்கீல் மூன்று வருஷமாகச் சாய்ந்துகொண்டிருந்தார். ஒரு பள்ளித் தாளாளர், அவளை 'போடி' என்று சொன்னவர், இரண்டு டிகிரி.

"மனசுல இருக்கற கோபம் போறதுக்கு உனக்கு வேற வழியே கிடைக்கலையா?" என்று கேட்பார் அவள் வீட்டுக்காரர். பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். இடது காது கேட்காது. கடையில் ஜெராக்ஸ் மெஷினைப் பார்த்துக்கொள்வார்.

"போறதுக்கு யாருங்க பண்றாங்க? அது பாட்டுக்கு இருக்கட்டும்."

ஒரு விஷயத்தில் மட்டும் அவள் யாரையும் விட்டதில்லை. சீலைக் கொடுப்பதற்கு முன் ஒரு நீள நோட்டில் அதன் முதல் அச்சைக் குத்தி, நோட்டை வந்தவர் பக்கம் திருப்பி வைப்பாள். "படிச்சுப் பாத்து, சரின்னு எழுதி, கையெழுத்துப் போடுங்க." கடை போட்ட புதிதில் ஒரு டாக்டர் தன் பட்டத்தைத் தானே தப்பாக எழுதிக் கொடுத்துவிட்டு, பிழை அவளுடையது என்று சண்டைக்கு வந்தார். அன்றிலிருந்து இந்த நோட்டு. இருபத்திரண்டு வருஷ நோட்டுகள் மேல் தட்டில் அடுக்கியிருந்தன. பாதிப் பேர் படிக்காமலே சரி என்று எழுதினார்கள். அது அவளுக்குத் தெரியும். குத்துவது அவள் வேலை, படிப்பது அவர்கள் வேலை.

ஐம்பத்திரண்டாவது வயதில் முதுகுக்கும் வயிற்றுக்கும் நடுவே எங்கோ ஒரு வலி வந்தது. வாயு என்றார்கள். எடை பன்னிரண்டு கிலோ குறைந்தது. கண்ணின் வெள்ளை மஞ்சளானது. பெரிய ஆஸ்பத்திரியில் படம் எடுத்துப் பார்த்த டாக்டர் சின்னப் பெண். கணையம் என்றாள். கல்லீரலுக்கும் போயிருக்கிறது என்றாள். வெட்டி எடுக்கிற கட்டம் தாண்டிவிட்டது என்று சொல்லும்போது பேனாவின் மூடியைக் கழற்றிக் கழற்றி மாட்டினாள்.

"எவ்வளவு நாள்?"

"அப்படிச் சரியா சொல்ல முடியாது ஆன்ட்டி."

"நான் அளவு பாத்து வேலை செய்யறவ. தோராயமாவது சொல்லு."

"எட்டு மாசம். நல்லா போச்சுன்னா."

சீலக்காவுக்குச் சாவைப் பற்றிப் பெரிய பயம் இல்லை. வலி பயம். அது சாயங்காலம் நான்கு மணிக்கு ஆரம்பித்து முதுகெலும்பில் திருப்புளியை வைத்துத் திருகும். அதற்கு ஊசி இருந்தது. ஆஸ்பத்திரிக்குப் போய் வரிசையில் நின்று போட்டுக்கொள்ள வேண்டும். போய் வர ஒரு நாள். போட்ட ஊசி திரும்பி வரும் பஸ்ஸின் குலுக்கலிலேயே தீர்ந்துவிடும். ஆனால் குறைபாட்டு அட்டை இருந்தால் நர்ஸ் வீட்டுக்கே வருவாள். மருந்தும் அவளே கொண்டுவருவாள். அட்டை கொடுக்கிற இடம் கடைக்கு எதிரே, சாலையைத் தாண்டி நாற்பது அடி.

படிவம் அவளுக்கு மனப்பாடம். இதுவரை ஆயிரம் பேருக்காவது நிரப்பிக் கொடுத்திருப்பாள். பதினான்காவது கேள்விதான் கழுத்தை அறுக்கும் என்பதும் தெரியும். 'குறைபாடு பன்னிரண்டு மாதங்களுக்குக் குறையாமல் நீடிக்குமா?' வருகிறவர்களிடம், "யோசிக்காதீங்க, ஆம்னு போடுங்க" என்பாள். ஆனால் அந்த இடத்தை டாக்டர்தான் நிரப்ப வேண்டும் என்று போன வருஷம் மாற்றிவிட்டார்கள். சின்னப் பெண் உண்மையே பேசிப் பழகியவள். 'நோயாளி எட்டு மாதங்களுக்கு மேல் உயிர் வாழும் வாய்ப்பு இல்லை' என்று அழகான கையெழுத்தில் எழுதிக் கொடுத்தாள். அப்படி எழுதினால் இரக்கப்பட்டு உடனே கொடுப்பார்கள் என்று நினைத்தாளாம்.

அட்டையை முடிவு செய்கிற அலுவலருக்கு அந்தத் தெருவில் சரிசார் என்று பெயர். எதைச் சொன்னாலும் 'சரி' என்பார். அது சம்மதம் இல்லை, பேச்சு முடிந்தது என்று அர்த்தம். நாற்பது வயது, மடிப்புக் கலையாத சட்டை, பையில் இரண்டு பேனா. டீ குடிக்க வரும்போது கடையில் நின்று, "என்னக்கா, எப்படி இருக்கீங்க?" என்று கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திராமல் போவார்.

"உக்காருங்கம்மா," என்றார், அவள் படிவத்தோடு போன அன்று.

கடைக்கு வந்தால் அக்கா. மேஜைக்கு இந்தப் பக்கம் நின்றால் அம்மா. சீலக்கா அதை மனதில் குறித்துக்கொண்டாள்.

அவர் பதினான்காவது கேள்விக்கு நேராகப் போனார். வேறு எதையும் படிக்கவில்லை.

"டாக்டர் எட்டு மாசம்னு போட்டிருக்காங்களேம்மா."

"ஆமா."

"பன்னிரண்டு நீடிக்கணும். நீடிச்சாதான் அது குறைபாடு. இல்லேன்னா தற்காலிகம்."

"தற்காலிகம்னா சரியாயிடும்னு அர்த்தம் சார். எனக்குச் சரியாகாது."

"சரியாகுமான்னு படிவத்துல கேக்கலையே. நீடிக்குமான்னுதானே கேட்டிருக்கு."

"சாகற வரைக்கும் நீடிக்கும். அதுக்கு மேல என்ன சார் நிரந்தரம்?"

சரிசார் சிரித்தார். கெட்ட சிரிப்பு இல்லை. நல்ல விடுகதையைக் கேட்ட சிரிப்பு. "நல்லாத்தான் பேசறீங்க. சட்டத்துல அப்படி ஒரு வரி இருந்தா நானே இப்பவே குத்திக் கொடுத்துடுவேன். சரி."

அவர் கை சீல் பெட்டிக்குப் போனது. பெட்டியில் இரண்டு சீல்கள் பக்கத்துப் பக்கத்தில் இருந்தன. பதினோரு வருஷத்துக்கு முன் ஒரே நாளில், ஒரே ரப்பர் தாளில் அவள் செய்தவை. ஒன்று 'தகுதியுடையவர்'. அதன் மரக்கட்டை இன்னும் பளபளத்தது. ரப்பர் உபயோகிக்காமல் காய்ந்து ஓரத்தில் வெடித்திருந்தது. இன்னொன்று 'தகுதியற்றவர்'. கைப்பிடியின் சாயம் போய், விரல் படும் இடம் குழிந்திருந்தது. எழுத்துகள் மழுங்கிப் போயிருந்தன. அவர் அதை எடுத்து மையில் ஒற்றி, அவள் பெயருக்குக் கீழே குத்தி, அதன் மேல் கையெழுத்துப் போட்டார். காரணம் எழுதுகிற இடத்தை வெறுமையாக விட்டார். அவர் எப்போதும் காரணம் எழுதுவதில்லை. சீல் போதும்.

"முப்பது நாளுக்குள்ள மறுபரிசீலனை மனு போடலாம். ஒரு தடவை." அப்புறம் காகிதத்தைத் தள்ளிப் பிடித்துக் கண்ணைச் சுருக்கினார். "நல்லவேளை நீங்களே வந்தீங்க. இந்தச் சீல் சுத்தமா தேஞ்சுபோச்சு பாருங்க. புதுசு ஒண்ணு செஞ்சு கொடுத்துடுங்க, இதே அளவுல. அவசரம் இல்லை, இந்த வாரத்துக்குள்ள."

"எழுத்து ஏதாவது மாத்தணுமா?"

"அதேதான்."

"சரி," என்றாள் சீலக்கா.

சாலையைக் கடக்கும்போது அவளுக்குச் சமையல்காரரின் ஞாபகம் வந்தது. ஒரு விடுதியில் அடுப்பு பார்த்தவர். தொண்டையில் கட்டி வந்து குரல் போய்விட்டது. சின்ன நோட்டில் எழுதிக் காட்டித்தான் பேசுவார். போன வருஷம் அவருக்குப் படிவம் நிரப்பிக் கொடுத்தவள் அவள்தான். அவர் டாக்டரும் உண்மை பேசுகிறவர். குத்திய படிவத்தை ஜெராக்ஸ் எடுக்கக் கொண்டுவந்தபோது அவர் அந்த எழுத்தின் மேல் விரலை வைத்து, நோட்டில் எழுதிக் காட்டினார். 'இது நீங்கள் செய்ததா?'

"ஆமா," என்று சொன்னாள் அவள். "எழுத்து நல்லா விழுந்திருக்கு இல்லே?"

அவர் தலையாட்டினார். நல்லா விழுந்திருக்கிறது என்பதற்குத்தான். அவருக்கு அது மூன்றாவது மாதம். ஐந்தாவது மாதத்தில் போய்விட்டார்.

வீட்டில் அவள் வீட்டுக்காரர் படிவத்தை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தார்.

"விடு. ஆஸ்பத்திரிக்கே போயிட்டு வருவோம். நான் கூட வர்றேன்ல."

"நீங்க கூட வந்தா வலிக்காதா?"

"சொல்றதைக் கேளு. அவன் கிட்ட மல்லுக்கட்டினா உனக்குத்தான் உடம்பு போகும்."

"போறது போகுதுங்க. சும்மா போகணுமா?"

அவருக்கு அது காதில் விழவில்லை. அல்லது இடது காதுப் பக்கம் நின்று அவள் சொன்னாள்.

மறுநாள் அவள் கடையில் கம்ப்யூட்டரைத் திறந்து அந்தச் சொல்லை அடித்தாள். தகுதியற்றவர். இருபத்திரண்டு வருஷமாக எழுத்துகளைத் தலைகீழாகவும் இடம் வலம் மாறியும் பார்த்துப் பழகிய கண். சொல்லாகப் பார்க்காது, கோடும் வளைவுமாகத்தான் பார்க்கும். நடுவில் ய நின்றது. அதன் வலது கால் மற்ற எழுத்துகளோடு ஒரே தரையில் நின்றது. அந்தக் காலைக் கொஞ்சம் கீழே இழுத்தால் யு.

தகுதியுற்றவர்.

அவள் அதை வாய்க்குள் சொல்லிப் பார்த்தாள். தகுதி உற்றவர். தகுதியை அடைந்தவர். பிழை இல்லாத சொல்.

வேலை மூன்று நாள் எடுத்தது. முன்பென்றால் அரை மணி. மெஷின் வெட்டிக் கொடுத்த ரப்பரில் அந்தக் கால் ரொம்பத் துணிச்சலாக நீட்டிக்கொண்டிருந்தது. கண்ணில் லென்ஸ் மாட்டி, பிளேடின் முனையால் அதைச் சீவினாள். ஒரு மில்லிமீட்டர் போதும். யார் படித்தாலும் யு என்று படிக்கலாம், படிக்காதவன் ய என்று நினைக்கலாம். நான்கு மணிக்கு வலி வந்தால் பிளேடைக் கீழே வைத்துவிட்டு மேஜை விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொள்வாள். விட்டதும் மறுபடி பிளேடு. மூன்றாம் நாள் ஒரு தாளில் குத்தி வீட்டுக்காரரிடம் காட்டினாள்.

"என்ன எழுதியிருக்கு, படிங்க."

"தகுதியற்றவர்."

"நல்லா பாத்துப் படிங்க."

"அதான் படிச்சேனே. தகுதியற்றவர். எழுத்து ஜம்முனு இருக்கு." அவர் தாளைத் திருப்பிக் கொடுத்தார். "அவனுக்குப் போய் இவ்வளவு நல்லா செய்யணுமா? ஒரு டிகிரி சாய்க்கலையா நீ?"

"இதுல சாய்க்கலை. நேரா நிக்கணும்."

சரிசார் மறுநாள் காலை டீ குடிக்கும்போது வந்தார். காதில் போன். அவள் நோட்டில் முதல் அச்சைக் குத்தினாள். நோட்டை அவர் பக்கம் திருப்பி வைத்தாள். வழக்கமாகச் சொல்வதை ஒரு எழுத்துக் குறையாமல் சொன்னாள்.

"படிச்சுப் பாத்து, சரின்னு எழுதி, கையெழுத்துப் போடுங்க."

"ஆமா ஆமா, சொல்லுங்க," என்றார் அவர், போனில். பேனாவை எடுத்து, அச்சுக்குப் பக்கத்தில் 'சரி' என்று எழுதி, கையெழுத்தும் தேதியும் போட்டார். சீலைப் பையில் போட்டுக்கொண்டு தெருவைக் கடந்தார். அவர் அந்தப் பக்கம் போய்ச் சேரும்வரை அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தாள். அதுவும் வலித்தது.

மறுபரிசீலனை மனுவை அடுத்த திங்கட்கிழமை கொடுத்தாள். அதே மேஜை, அதே 'அம்மா'. புதுச் சீல் பெட்டியில் கைக்குப் பக்கத்தில் இருந்தது. இவர் இன்று படித்துவிட்டால் கதை முடிந்தது. ஆஸ்பத்திரி வரிசை, பஸ், நான்கு மணி, கடைசிவரை.

"அதே டாக்டர், அதே எட்டு மாசம். நான் என்னம்மா பண்ண முடியும்?"

"இப்ப ஏழுதான் சார்."

"அதான் பாருங்க." சீல் மையில் விழுந்து, காகிதத்தில் விழுந்தது. கையெழுத்து அதன் மேலேயே போனது. அவர் மனுவைத் தட்டில் போட்டுவிட்டு நிமிர்ந்தார். "மை நல்லா பிடிக்குதும்மா. தேங்க்ஸ்."

"உங்க கை ராசி சார்," என்றாள் சீலக்கா.

அலுவலகத்தில் ஒரே ஒருத்திதான் படிக்கிறவள் என்பது பிறகு தெரிந்தது. தபால் பிரிவில் புதிதாகச் சேர்ந்த பெண். முடிவான படிவங்களைச் சீல் பார்த்துப் பிரிப்பது அவள் வேலை. உடையவர் அட்டைப் பிரிவுக்கு. அற்றவர் பழைய கட்டுகள் கிடக்கும் அறைக்கு. வேலைக்குப் புதிது என்பதால் ஒவ்வொரு எழுத்தாகப் படித்தாள். இரண்டு வாரம் கழித்து ஏதோ ஜெராக்ஸ் எடுக்கக் கடைக்கு வந்தவள் அவளாகவே சொன்னாள்.

"அக்கா, புது வார்த்தை எல்லாம் போட்டு சீல் செஞ்சிருக்கீங்க போல. தகுதியுற்றவர். எனக்கு எந்தக் கட்டுல வைக்கறதுன்னே புரியலை."

"அப்புறம்?"

"எங்க பெரிய கிளார்க்கைக் கேட்டேன். உற்றவர்னா அடைஞ்சவர்மா, இதுகூடத் தெரியாதான்னு திட்டினார். மேலிடத்துல ஆறு மாசத்துக்கு ஒரு தடவை வார்த்தையை மாத்திக்கிட்டேதான் இருப்பாங்களாம். முன்னாடி ஊனம்னு இருந்துச்சாம், அப்புறம் மாத்தினாங்களாம், அப்புறம் அதையும் மாத்தினாங்களாம். எல்லாத்தையும் அட்டைப் பிரிவுக்கு அனுப்புன்னுட்டார்."

"எல்லாத்தையுமா?"

"எல்லாம் உற்றவராத்தானே வருது."

சீலக்கா ஜெராக்ஸை இலவசமாக எடுத்துக் கொடுத்தாள். அவள் வீட்டுக்காரர் அதை ஆச்சரியமாகப் பார்த்தார்.

ஆறாவது வாரம் அவளுடைய அட்டை தபாலில் வந்தது. அதற்கடுத்த செவ்வாய்க்கிழமை நர்ஸ் வந்தாள். நடுத்தர வயது, குட்டை, வாசலில் செருப்பை ஜோடியாக வைத்துவிட்டு உள்ளே வருகிறவள். மூன்றரை மணிக்கு ஊசி போட்டாள். நான்கு மணிக்குத் திருப்புளி வரவில்லை. சீலக்கா கட்டிலில் மல்லாந்து படுத்து, வராத வலிக்காகக் காத்திருந்து, அப்படியே தூங்கிப்போனாள். வீட்டுக்காரர் பக்கத்தில் உட்கார்ந்து அவள் குறட்டையை வலது காதால் கேட்டார்.

அதன்பின் கடைக்கு அட்டையோடு ஆட்கள் வர ஆரம்பித்தார்கள், லேமினேஷன் செய்ய. நுரையீரல் போன பெயின்டர். மூளையில் கட்டி வந்த தையல்காரி, அவளை அவள் அண்ணன் தூக்கிக்கொண்டு வந்தான். "எப்படிக்கா கொடுத்தாங்க? எனக்கே நம்பிக்கை இல்லை," என்றாள் தையல்காரி. "அவர் மனசு மாறிட்டாரு போல. நல்ல மனுஷன்."

அது சீலக்காவுக்குப் பொறுக்கவில்லை. நர்ஸ் வருகிறாள், தூக்கம் வருகிறது, எல்லாம் சரி. ஆனால் அந்த ஆள் நல்ல மனுஷன் ஆகிக்கொண்டிருந்தார். ஒரு பெண்மணி அவருக்குத் துண்டு வாங்கிப் போர்த்திவிட்டாளாம். அவரும் என்ன ஏது என்று கேட்காமல் 'சரி' என்று வாங்கிக்கொண்டாராம். ஒரு டிகிரி சாய்ந்தவனுக்காவது ஏதோ உறுத்தும். இந்த மனுஷனுக்கு உறுத்தல்கூட இல்லை. அவர் படிக்க வேண்டும். ஒரு தடவையாவது, எழுத்துக்கூட்டிப் படிக்க வேண்டும். அதைப் பார்க்காமல் போவதில்லை என்று அவள் முடிவு செய்தாள்.

வீட்டுக்காரரிடம் சொல்லி, மேல் தட்டிலிருந்து அந்த வருஷத்து நோட்டை வீட்டுக்குக் கொண்டுவரச் செய்தாள். தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டாள்.

"இதை எதுக்குப் பக்கத்துல வச்சுக்கற? உறுத்தாதா?"

"உறுத்தத்தான்."

ஐந்தாவது மாதம் சரிசார் வந்தார். அப்போது அவள் கடைக்குப் போவதை நிறுத்தி இரண்டு வாரம் ஆகியிருந்தது. மத்தியானம் மூன்று மணி. சட்டையில் மடிப்பு இல்லை. வீட்டுக்காரர் போட்ட நாற்காலியில் நுனியில் உட்கார்ந்தார்.

"எப்படிக்கா இருக்கீங்க?"

"அம்மான்னே கூப்பிடுங்க சார். பழகிடுச்சு."

அவர் பையிலிருந்து கடிதம் ஒன்றை எடுத்தார். தலைமை அலுவலகத்திலிருந்து வந்தது. நான்கு மாதங்களில் இந்த ஒரு அலுவலகத்தில் மட்டும் அட்டை பெற்றவர் எண்ணிக்கை இப்படி ஏறியது எப்படி, ஏழு நாளில் எழுத்துமூலம் விளக்கம் தரவும். கோப்புகளை எடுத்துப் பார்த்திருக்கிறார். தபால் பிரிவுப் பெண்தான் விரல் வைத்துக் காட்டியிருக்கிறாள்.

"ஒரு காலுக்கா. ஒரு சின்னக் கால். இப்படி ஆயிடுச்சே." அடுத்து ஒரு தாளை எடுத்து அவள் மடியில் வைத்தார். டைப் அடித்துத் தயாராக இருந்தது. "சீல் செய்யும்போது நடந்த எழுத்துப் பிழைன்னு ஒரு வரி. நீங்க கையெழுத்து மட்டும் போட்டா போதும். உங்களை யாரும் ஒண்ணும் பண்ண மாட்டாங்க. இந்த நிலைமையில யார் என்ன பண்ணப் போறாங்க?"

"அப்போ எங்க அட்டை எல்லாம்?"

அவர் தரையைப் பார்த்தார். "அது திரும்ப வாங்கிடுவாங்க. விதிதானே."

சீலக்கா தலையணைக்கு அடியிலிருந்து நோட்டை உருவினாள். பக்கத்தை எடுத்து, வழக்கப்படி அவர் பக்கம் திருப்பி வைத்தாள். முதல் அச்சு நல்ல நீல மையில் தெளிவாக நின்றது. பக்கத்தில் சரி. கையெழுத்து. தேதி.

"உங்க கடிதத்தை நீங்க அனுப்புங்க. கூடவே நானும் இதை அனுப்பறேன். பிழை என்னுது. சரி உங்களுது."

அவர் தன் கையெழுத்தையும் தேதியையும் பார்த்தார்.

"நான் படிக்கலைன்னு ஆயிடும்," என்றார்.

"நோட்டுல ஒரு தடவை படிக்கலை. அதுக்கப்புறம் நாலு மாசம் தெனமும் குத்தினப்பவும் படிக்கலை. அதை எழுதிக் கொடுங்க. படிக்காமத்தான் சார் எல்லாருக்கும் போட்டேன், சாகறவங்களுக்கும் படிக்காமத்தான் போட்டேன்னு. பாவம், நேர்மையான ஆளுன்னு விட்டாலும் விட்டுடுவாங்க."

"வேலை போயிடும்கா. எனக்கு ரெண்டு பொண்ணுங்க."

"சமையல்காரர் ஒருத்தர் இருந்தார். தொண்டை. ஞாபகம் இருக்கா?"

"எத்தனையோ பேர் வர்றாங்க..."

"அவருக்கு என்னோட பழைய சீல் விழுந்துச்சு. நல்லா விழுந்துச்சு."

அவர் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். வீட்டுக்காரர் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுத் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். சரிசார் எடுக்கவில்லை.

"இன்னொரு வழி இருக்கு," என்றாள் சீலக்கா. "பிழையே இல்லை. தெரிஞ்சேதான் போட்டீங்க. விளக்கம் கேட்டிருக்காங்க இல்லே? காரணம் எழுதற இடம் காலியாத்தானே விட்டிருக்கீங்க. இப்ப எழுதுங்க. பேனா இருக்கா? ரெண்டு வச்சிருப்பீங்களே."

அவர் தான் கொண்டுவந்த தாளைத் திருப்பி, வெற்றுப் பக்கத்தை முழங்கால் மேல் வைத்தார். நோட்டையே அடியில் அட்டையாக வைத்துக்கொள்ளச் சொன்னாள்.

"விண்ணப்பதாரரின் குறைபாடு, எழுதுங்க, அவருடைய வாழ்நாள் முடியும் வரை நீடிக்கும்."

எழுதினார்.

"ஒருவருக்கு அவருடைய வாழ்நாளைவிட நீண்ட காலம் எதுவும் இல்லை."

பேனா நின்றது. அவர் நிமிர்ந்து பார்த்தார். அவருக்கு இப்போதுதான் ஞாபகம் வந்தது என்று அவளுக்குத் தெரிந்தது. அந்தச் சிரிப்பு எங்கே போயிற்று என்று அவள் அவர் முகத்தில் தேடினாள்.

"சட்டத்துல அப்படி ஒரு வரி இல்லையேக்கா."

"இருந்தா நீங்களே குத்திக் கொடுத்துடுவேன்னீங்க. இல்லாததுனால எழுதறீங்க. ஆகவே இது நிரந்தரமானது. முற்றுப்புள்ளி."

எழுதி முடித்தார்.

"இனிமே இதுக்காக நீங்கதான் சார் சண்டை போடணும். ஒரு அட்டையைத் திரும்பக் கேட்டாலும் உங்க கழுத்துதான் முதல்ல போகும். என்னைவிட நல்லா வாதாடுவீங்க. எனக்கு எட்டு மாசம் இருந்தப்பவே தோத்துட்டேன். உங்களுக்கு ரிட்டயர் ஆக இன்னும் எவ்வளவோ இருக்கு." அவளுக்கு மூச்சு வாங்கியது. "படிங்க."

"எழுதினதையா?"

"சத்தமா. அவருக்கு ஒரு காது கேக்காது."

அவர் படித்தார். நடுவில் 'நீடிக்கும்' என்ற இடத்தில் நின்றுவிட்டார். அவள் மறுபடி முதலிலிருந்து படிக்கச் சொன்னாள். படித்தார். கையெழுத்துப் போட்டார். எழுந்திருக்கப் பார்த்தார்.

"நோட்டு," என்றாள் சீலக்கா.

அவருக்குப் புரியவில்லை.

"அன்னைக்குப் போட்ட சரி செல்லாது. நீங்களே சொல்லிட்டீங்க, படிக்கலைன்னு. படிச்சுப் பாத்து, அதுக்குக் கீழே இன்னொரு சரி எழுதி, கையெழுத்துப் போடுங்க."

வாசலில் செருப்புகள் கழற்றப்படும் சத்தம் கேட்டது. நர்ஸ் உள்ளே வந்து பையைத் திறந்து, கையைத் துடைத்துக்கொண்டு, ஊசியில் மருந்தை ஏற்றினாள். சுவர்க் கடிகாரத்தில் மூன்று ஐம்பது. முதுகெலும்பின் அடியில் திருப்புளியின் முனை வந்து உட்கார்ந்துவிட்டது. சீலக்கா கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டாள். விரல்கள் வெளுத்தன.

"கையைக் கொடுங்கக்கா," என்றாள் நர்ஸ்.

சரிசார் நோட்டின் மேல் குனிந்திருந்தார். விரலை முதல் எழுத்தின் கீழ் வைத்து, ஒவ்வொன்றாக நகர்த்தினார். உதடுகள் அசைந்தன. விரல் யுவுக்கு வந்து, அதன் வலது காலில் நின்றது.

"இரும்மா," என்றாள் சீலக்கா. "சார் படிச்சு முடிக்கட்டும்."